குடத்தோடு குடம்: டெட்வுட் ஊரில் ஒரு ஜூலை 4

சென்ற மாதம் என் பேரன் பள்ளிப் பாடத்துக்காகப் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். "தாத்தா, இதிலே ரயில் இருக்கு, பாருங்க" என்று கூப்பிட்டான். ரயில் என்றால் சும்மா இருக்க முடியுமா? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் படத்தைப் பார்த்து முடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அடுத்தாற்போல் வந்த படம் அப்படிப் பிடித்துக்கொண்டது.

இடம் அமெரிக்காவின் டகோட்டா பிரதேசத்தில் உள்ள டெட்வுட் என்ற சுரங்க ஊர். காலம் 1888 ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர தினம். படமெடுத்தவர் ஜான் கிராபில். 1887 முதல் 1892 வரை அவர் பதிவுக்கு அனுப்பிய 188 படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அன்றைய ஓட்டப் பந்தயத்தைப் பிடித்தது ஒரு படம். இன்னொன்றில் பந்தயத்தில் ஜெயித்த அணி வரிசையாக நிற்கிறது. நிற்பவர்கள் சீனர்கள்.

அது வெறும் கால் ஓட்டம் அல்ல, தீயணைப்பு வண்டிப் பந்தயம். ஒன்பது வருடம் முன்பு, 1879 செப்டம்பர் 26 இரவு, ஒரு ரொட்டிக் கடையில் மண்ணெண்ணெய் விளக்கால் தீப்பிடித்தது. பக்கத்தில் இரும்புச் சாமான் கடை. அங்கே வைத்திருந்த வெடிமருந்துப் பீப்பாய்கள் வெடித்தன. குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக் கட்டிய மர வீடுகள் என்னவாகும்? சுமார் 300 கட்டடங்கள் சாம்பலாயின. அதன் பிறகுதான் ஊர் செங்கல்லுக்கு மாறியது. தீயணைப்பு அணிகளுக்கு மதிப்பு கூடியது. திருவிழா என்றால் அந்த அணிகள் ஓடிக்காட்டுவது வழக்கமாயிற்று.

நம் மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் இருக்கிறதல்லவா, அதற்கு ஆங்கிலத்தில் ஹப். இரண்டு ஹோஸ் வண்டிகளைக் குடத்தோடு குடம் சமமாக நிறுத்தி ஒரே நேரத்தில் விடுவதால் இதற்கு 'ஹப் அண்ட் ஹப்' பந்தயம் என்று பெயர். ஹோஸ் சுற்றிய வண்டியை ஆட்களே கயிறு போட்டு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். இத்தகைய பந்தயங்களில் ஓடினால் மட்டும் போதாது. ஹோஸை உருட்டி விரித்து, கப்ளிங் மாட்டி, நாசிலைப் பொருத்த வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் கப்ளிங் மாட்டுகிறவன் கை நடுங்கினால் தோல்விதான். ரயிலில் வேக்வம் ஹோஸ் மாட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அன்று ஓடிய இரண்டு அணிகளுமே சீன அணிகள். நாட்டிலேயே சீனர்களுக்கு இருந்த ஹோஸ் அணிகள் இவை இரண்டுதான் என்று கிராபில் படத்தின் தலைப்பில் எழுதியிருக்கிறார். ஜெயித்தவர்களை அமெரிக்காவின் சாம்பியன் சீன அணி என்கிறார். பெயர் மட்டும் ஒருவருக்கும் போடவில்லை.

தங்கம் கிடைத்த செய்தி கேட்டு 1876 முதல் சீனர்கள் அங்கே வந்தார்கள். சலவைக் கடை, சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். மற்றவர்கள் கைவிட்ட மண்ணை மறுபடி அலசித் தங்கம் எடுத்தார்கள். ஃபீ லீ வோங் என்பவர் வைத்திருந்த 'விங் சூ' கடை பேர்பெற்றது. அவர் பிள்ளைகள் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். ஆனால் 1882ஆம் வருடச் சட்டம் சீனத் தொழிலாளர் புதிதாக வருவதைத் தடுத்திருந்தது, சீனர்களுக்குக் குடியுரிமையும் கிடையாது என்றது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்ப்ரிங்ஸ் நிலக்கரி ஊரில் 28 சீனர்களைக் கொன்றே போட்டார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், சுதந்திர தினத்தில் அவர்கள் அப்படி ஓடியதற்கு வேறு அர்த்தம் வருகிறது.

பந்தயம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 1 அன்று இன்னொரு சட்டம் வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பலாம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருந்த சுமார் 20,000 சான்றிதழ்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின. பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கச் சீனாவுக்குப் போன தொழிலாளி அங்கேயே நிற்க வேண்டியதுதான். லீவில் ஊருக்குப் போய்விட்டு வந்து வந்தே காலம் கழித்த நமக்கு அது எப்படிப்பட்ட அடி என்று புரியும். இந்தத் தடை நீங்கியது 1943இல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நிலமே 1868 ஒப்பந்தப்படி லக்கோட்டா பழங்குடிகளுடையது. தங்கத்துக்காகப் பறித்ததற்கு 1980இல் உச்ச நீதிமன்றம் சுமார் 10 கோடி டாலர் இழப்பீடு உறுதி செய்தது. நிலம்தான் வேண்டும் என்று அவர்கள் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள்.

பேரன் காட்டிய ரயில் படமும் 1888தான். டெட்வுட்டிலிருந்து பக்கத்து ஊரான லீடுக்கு மூன்றடி அகலத் தண்டவாளம் போடுவதைக் கொண்டாடிய படம். வெளியூர் ரயில் அங்கே எட்டிப்பார்த்தது 1890 டிசம்பரில்தான். அதுவரை சாமான் எல்லாம் வண்டிப் பாதையில்! லீடில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது. வட ஆற்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய நம் கோலார் சுரங்கம் அதற்கு முந்திய வருடம் மூடியது.

டெட்வுட்டில் இறந்த சீனர்களை மவுண்ட் மோரியா இடுகாட்டில் புதைத்தார்கள். பிறகு பெரும்பாலோரின் எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். விங் சூ கட்டடமும் 2005இல் இடிக்கப்பட்டது.

என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பாலம் முடிந்த அன்று எடுத்தது. நாற்காலியில் அதிகாரிகள், பின்னால் கேங்க்மேன் பதினோரு பேர். பாதிப் பேர் சேலம், தர்மபுரிப் பக்கத்தவர்கள். கீழே அச்சிட்ட பெயர்கள் நாற்காலிக்காரர்களுடையவை மட்டும். அன்று எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. போன வாரம் படத்தைத் திருப்பிப் பென்சிலால் எழுதப் பார்த்தேன். ஏழு பெயர்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் யாருடைய அப்பாவோ மாமாவோ அதில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.