ஒரு கட்டுச் செடி நாலு கட்டாகும்: மீன் தொட்டிச் செடிகளுக்குக் கவாத்து



போன மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பின் ஒரு குழுவில் ஐந்து பேர் உள்கடன் வாங்கி, வண்ண மீன் தொட்டியில் வைக்கிற நீர்ச்செடிகளை வளர்க்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி, அடியில் கழுவிய மணல், முக்கால் தொட்டி தண்ணீர் என்று எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். முதல் மாதம் செடி தளதளவென்று வளர்ந்தது. மூன்றாவது மாதம் நாங்கள் போய்ப் பார்த்தபோது மேலே மட்டும்தான் பச்சை இருந்தது. அடியில் வெறும் கறுத்த குச்சி. "நல்லா வளர்ற செடியை எப்படிங்க வெட்டுறது? மனசு வரலை" என்றார் ஒரு சகோதரி. கடன் தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வெட்டாமல் விட்டதுதான் அங்கே நடந்த தவறு. அதை முதலிலேயே சொல்லிக் கொடுக்காதது எங்கள் தவறு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் வெட்ட வேண்டும்?

மல்லிகைக்கு நாம் கவாத்து செய்கிறோம். முருங்கையின் நுனியைக் கிள்ளிவிடுகிறோம். நுனி இருக்கும்வரை செடி மேலே மேலே ஓடும். கணுவில் இருக்கும் பக்க மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். நுனியை எடுத்துவிட்டால் அவை முளைத்துக் கிளையாகும். தண்ணீருக்குள் வளரும் செடியும் இப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. செடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அங்கேயே படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். அடி இலைகள் வெளிச்சம் இல்லாமல் உதிர்ந்து அழுகும். தண்ணீர் கெடும். மீனுக்கும் ஆகாது.

ஆனால் எல்லாச் செடியையும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது. செடி எப்படி வளர்கிறது என்று முதலில் பாருங்கள்.

1. தண்டுச் செடிகள்

நீர்ப்பிரமி, வேலம்பாசி, லுட்விஜியா, ஹைக்ரோபிலா, கபோம்பா போன்றவை இந்த வகை. மேல் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நசுங்கிய தண்டு அழுகிவிடும். வெட்டிய துண்டின் அடியில் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மணலுக்குள் போகும்படி நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். கடையில் ரப்பர் பேண்டு போட்டுத் தருகிற கட்டை அப்படியே நடாதீர்கள். பிரித்து, ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

மணலில் நிற்கும் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம். அடி பச்சையாக இருந்தால் அதன் கணுக்களில் புதுத் தளிர்கள் வரும்.

2. ஓடிப் படரும் செடிகள்

நாடா போல நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியா இந்த வகை. வல்லாரை, அருகம்புல் மாதிரி தாய்ச்செடியிலிருந்து ஒரு கொடி ஓடி, அதில் குட்டிச்செடி முளைக்கும். குட்டிக்கு நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்த பிறகு கொடியை வெட்டி எடுத்து நடுங்கள். அவசரப்பட்டால் குட்டி பிழைக்காது. வேர் மட்டும் மணலுக்குள் போகட்டும். இலைகள் கிளம்புகிற குருத்துப் பகுதி புதைந்தால் அழுகும். பழுத்த இலையைப் பாதியில் வெட்டாமல் அடியோடு எடுத்துவிடுங்கள்.

3. கிழங்குத் தண்டுச் செடிகள்

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இந்த வகை. இவற்றின் தண்டு இஞ்சி மாதிரி படுத்தபடி வளரும். ஒரு துண்டில் மூன்று நாலு இலையாவது இருக்கும்படி வெட்டிப் பிரிக்கலாம். இஞ்சி மாதிரி இருக்கிறதே என்று மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள். சில வாரங்களில் வேர் தானே பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்னின் முதிர்ந்த இலையில், ரணகள்ளி இலையில் வருவது போலவே, குட்டிகள் முளைக்கும். அவற்றையும் எடுத்துக் கட்டலாம்.

வெட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை

* ஒரே நாளில் தொட்டி முழுவதையும் வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும்.
* மிதக்கும் துண்டுகளை அன்றே வலையால் எடுத்துவிடுங்கள்.
* வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருந்தால், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.
* உச்சி வெயில் நேராக விழுந்தால் பாசி பிடிக்கும். நிழல்வலை கட்டுங்கள்.
* யூரியா போடாதீர்கள். மீன் செத்துப்போகும்.
* தொட்டியில் கொசு முட்டையிடும். சில கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், இதை மறக்க வேண்டாம்.

விற்கும்போது வேர்ப்பக்கத்தை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, கொஞ்சம் காற்றோடு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வெயில் படாமல் காலையிலேயே அனுப்புங்கள். சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே போகுமுன் பக்கத்து ஊர் மீன் கடைகளில் எந்தச் செடி போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

குளத்தில் போடாதீர்கள்

வெட்டிய கழிவை ஏரி, குளம், வாய்க்காலில் வீசக் கூடாது. வேலம்பாசியில் ஒரு கணு இருந்தாலே போதும், மறுபடி வளர்ந்துவிடும். நம் பக்கத்துச் செடியான அது, 1950களில் மீன் தொட்டிக்காக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய் அங்குள்ள ஏரிகளை அடைத்தது. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில், 2020இல் நீரெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கபோம்பா. ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அழகாக இருந்தாலும் இடம் மாறினால் களைதான். கழிவை வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

அந்த ஐந்து பேரின் தொட்டிகளில் மேலே மிஞ்சியிருந்த பச்சை நுனிகளை எல்லோரும் உட்கார்ந்து வெட்டி நட்டோம். கறுத்த குச்சிகளைத் தூக்கிப் போட்டோம். மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிட்டது. வெட்ட மனசு வராத அந்தச் சகோதரிதான் இப்போது மற்றவர்களுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுத் தருகிறார்.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள், கடன் கேட்பதற்கு முன் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு கட்டுச் செடியை வைத்துப் பழகுங்கள். அந்த ஒரு கட்டு நாலு கட்டான பிறகு, குழுக் கூட்டத்தில் கடனைப் பற்றிப் பேசுவோம்.