கடல் வருவதற்கு முன் அவன் எப்படி இருந்தான்?

பனிச்சங்கேணி வாவிக்கரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகனுக்கு இருபத்தைந்து வயது. உடல் வலு உண்டு, வேலை இல்லை. கூலிக்கு அனுப்பினால் அரைநாளில் திரும்பி வந்துவிடுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் முகம் பார்ப்பதில்லை. அதே கோப்பையில்தான் தேநீர், அதே பாதையால்தான் நடை. உழவு இயந்திரச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். அயலார் சிலர் சோம்பேறி என்கிறார்கள், சிலர் விசர் என்கிறார்கள். தாயார் சொல்வது வேறு: "கடல் வந்த பயம்தான் புள்ளைக்கு."

அந்தத் தாயார் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2006 இறுதியில் ஷெல்லுக்குப் பயந்து வாகரைப் பிரதேசத்தை விட்டே ஓடினோம். இரண்டு பெரும் பயங்களுக்குள் வளர்ந்த பிள்ளையிடம் எதைக் கண்டாலும் பயத்தின் மேல்தான் பழி விழும். ஆனால் பயத்தால் வரும் துன்பம் அந்தச் சம்பவத்துக்குப் பிறகே தொடங்கும். ஓட்டிசம் எனப்படும் நிலை பிறவியிலேயே உள்ளது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதிலேயே அறிகுறிகள் தெரியும். ஆகவே வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கடல் வருவதற்கு முன் அவன் எப்படி இருந்தான்?

பேச்சு பிந்தியதா? மற்றப் பிள்ளைகளோடு சேராமல் மட்டிச் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தானா? கேட்ட சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னானா? கிளினிக் அட்டை கடலோடு போயிருக்கலாம். பெரியம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் ஞாபகம் இருக்கும். அவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நீங்களாக முடிவு கட்டிவிட வேண்டாம். பதினெட்டு, இருபது வயதில் புதிதாகத் தனியே பேசத் தொடங்கியவனுக்கு வேறு நோய் இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. பயமும் ஓட்டிசமும் ஒருவனிடமே சேர்ந்திருக்கவும் கூடும். வாகரை வைத்தியசாலையில் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளுடன் போங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் இந்நிலை உலகுக்குத் தெளிவாகத் தெரியவந்தது. பின்னர் பல ஆண்டுகளாக, தாயின் அன்புக் குறைவே காரணம் என்று படித்தவர்களே சொன்னார்கள். அது பிழை என்பது எப்போதோ தெளிவாகிவிட்டது. 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அத்தனை தாய்மாரும் அன்பில்லாதவர்களா?

கானர் எழுதிய பதினொருவரில் முதலாமவர் டொனால்ட் ட்ரிப்ளெட். அவரை 1942இல், ஒன்பது வயதில், ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தோடு தங்க வைத்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருப்பது அவருடைய பழக்கம். அந்த விவசாயி கிணறு ஒன்றைத் தோண்டவிட்டு, எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்ல வைத்தார். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்த பிள்ளையிடம், உழுதுகொண்டே எண்ணச் சொன்னார். அடிக்கவும் இல்லை, பழக்கத்தை நிறுத்தவும் இல்லை. டொனால்ட் பின்னர் பட்டம் பெற்று, ஊர் வங்கியில் பல்லாண்டு வேலை செய்து, 2023இல் 89 வயதில் காலமானார். அந்த வங்கியில் அவருடைய குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. எல்லோருக்கும் அது கிடைக்காது. ஆனால் அந்த விவசாயி செய்ததை நாமும் செய்யலாம்.

உங்கள் மகன் எதை விடாமல் செய்கிறான் என்று ஒரு கிழமை கவனியுங்கள். அடுக்குகிறவனுக்குக் கச்சான் தரம் பிரிக்கும் வேலை பொருந்தலாம். ஒரே அசைவில் அமைதி காண்பவன் வலை பொத்தப் பழகலாம். நேரம் தவறாதவன் வெங்காயப் பாத்திக்கு நீர் ஊற்றலாம், ஆடு கட்டலாம். சந்தையில் விலை பேச அனுப்புவதும், சத்தமான ஆலையில் விடுவதும் பெரும்பாலும் தோல்வியில் முடியும். வேலையைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். "அந்தப் பக்கம் கொஞ்சம் பார்" என்றால் அவனுக்கு விளங்காது. "இந்தக் கடகம் நிறையும் வரை" என்றால் விளங்கும். நாளைக்கு வேலை மாறுமானால் இன்றே சொல்லிவிடுங்கள். இடம்பெயர்ந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் எல்லாம் மாறியது. நமக்கே தாங்கவில்லை, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! கூலியை அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கோவிலில் நூல் கட்டுகிறவர்களோடு நாம் சண்டைக்குப் போவதில்லை. கட்டிவைப்பதும் அடிப்பதும் மட்டும் கூடாது.

வலது குறைந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வைத்தியரின் சான்றுடன் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள்.

கடைசியாக, வீடுகளில் பேசத் தயங்கும் விடயம் ஒன்று. எமது பகுதி வழக்கப்படி வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகின்றன. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகிறான். கலியாணம் முடிக்காத இந்த மகன் எங்கே போவான்? அக்காவின் வீட்டில், அத்தானின் தயவில் இருப்பான். எனவே சீதனம் பேசும்போதே, பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே, அவனுக்கு எந்த அறை, எந்தத் துண்டுக் காணி என்று மருமகன் முன்னிலையில் பேசி எழுதி வையுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டறியுங்கள்.