சிங்கப்பூர் போனது சித்தி... பில் வந்தது சித்தப்பாவுக்கு! ரோமிங் கட்டணத்திலிருந்து தப்புவது எப்படி?

மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போனார் என் சித்தி. பிரசவ லேகியம், சுக்குப்பொடி, குழந்தைக்குப் பழைய வேட்டித்துணி என்று பெட்டியை நான்கு முறை கட்டிப் பிரித்தார்கள். போனைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் போனை ஆன் செய்தார். டவர் கிடைத்தது, நெட்டும் கிடைத்தது. டாக்ஸியில் வீடு போய்ச் சேரும்வரை சித்தப்பாவுக்கு வீடியோ காலில் ஊரைச் சுற்றிக் காட்டினார். ஆங்கிலத்தில் வரிசையாக வந்த எஸ்.எம்.எஸ்-களை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டார். அடுத்த மாதம் போஸ்ட்பெய்டு பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். “வாட்ஸ்அப் ஃப்ரீதானேடா?” என்று என்னிடம் கேட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் இது.

வாட்ஸ்அப் இலவசம்தான், அது ஓடும் டேட்டா இலவசமில்லை. வெளிநாட்டில் நம் சிம், அந்த ஊர் நிறுவனத்தின் டவரில் விருந்தாளியாகத் தங்குகிறது. அந்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் காசு கேட்கும், அது நம்மிடம் கேட்கும். இங்கே தினமும் ஜி.பி கணக்கில் செலவழித்துப் பழகிய நமக்கு, பேக் போடாவிட்டால் அங்கே எம்.பி கணக்கில்தான் பில். ஒரு பேச்சுக்கு, ஒரு எம்.பி-க்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜி.பி-க்கு 5,120 ரூபாய்!

அதனால் விமானம் ஏறும் முன்பே, செட்டிங்ஸில் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ‘டேட்டா ரோமிங்’ ஆஃப் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்னை அதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, நெட்டுக்கு என்ன வழி? இரண்டு, மூன்று நாள் பயணம் என்றால் உங்கள் நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும். போகும் நாடு அந்த பேக்கில் இருக்கிறதா, நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது, டேட்டா தீர்ந்தால் நெட் நின்றுவிடுமா அல்லது தனிக் கட்டணம் ஓடுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

சித்தியைப்போல மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு உள்ளூர் சிம்தான் லாபம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டி டூரிஸ்ட் சிம் வாங்கலாம். போனில் இ-சிம் வசதி இருந்தால் இங்கிருந்தே ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்.எஸ், எக்ஸ்.ஆர் மாடல்களில் தொடங்கி இந்த வசதி இருக்கிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். புது சிம் வந்ததும் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டுவிடுகிறார்கள். பேங்க் ஓ.டி.பி அந்த நம்பருக்குத்தானே வரும்? சித்தி மறுபடி போனபோது இதுதான் நடந்தது. ஊரில் வீட்டு வரி கட்ட ஓ.டி.பி வேண்டும், சிம்மைத் தேடினால் காணோம். கடைசியில் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் இருந்தது.

எனவே, இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். டேட்டா மட்டும் புது சிம்மில் ஓடட்டும். பெரும்பாலும் ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்-க்குக் கட்டணம் இல்லை. ஆனால், ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே இங்கே ஆக்டிவேட் செய்திருக்க வேண்டும். இந்திய நம்பருக்கு அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். நாம் எடுத்துப் பேசும் நிமிடத்துக்கும் காசு. வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள். ‘நம்பரை மாற்றவா?’ என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே ஓடும். இன்னொரு விஷயம்: ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால், டேட்டாவைத் தானாக அடுத்த சிம்முக்கு மாற்றும் வசதி இரட்டை சிம் போன்களில் உண்டு. அதையும் ஆஃப் செய்யுங்கள்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். துபாயில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும். கால் பேசத் தடை இருக்கிறது. சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருப்பதால் உள்ளூர் சிம் வாங்கினால் வீட்டுக்கு மெசேஜ்கூட அனுப்ப முடியாது. இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டால் இரண்டும் வேலை செய்யும். அந்த டேட்டா நம் நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருகிறது. அங்கே மட்டும் பேக்குக்கே என் ஓட்டு. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் 2017 ஜூன் முதல் கூடுதல் ரோமிங் கட்டணம் கிடையாது. பாரிஸில் வாங்கும் சிம் பெர்லினிலும் பொதுவாக ஓடும். ஆனால், சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அந்தக் கணக்கில் வராது, பேக்கைப் பார்த்து வாங்குங்கள்.

கப்பல் டூர் போகிறவர்கள் ஏறியதும் ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கிடைப்பது சாட்டிலைட் வழி நெட்வொர்க். சாதாரண பேக் பலவற்றில் அது சேராது.

ஏற்கெனவே பெரிய பில் வந்துவிட்டதா? கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்த எண்ணுடன் எழுதலாம். சித்தப்பா எழுதவில்லை. “பேத்தி முகத்தை முதல்ல பார்த்த பில்லு, போகட்டும்” என்று கட்டிவிட்டார்.