காசு கொடுத்த விளையாட்டு காணாமல் போகலாமா?

தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு குடம் வாங்குகிறோம். மறுநாளே அந்தக் கடையை மூடினாலும், குடம் நம் வீட்டில்தான் இருக்கும். செல்போன் விளையாட்டுகள் பலவும் அப்படி அல்ல. கம்பெனி தன் 'சர்வர்' என்னும் கம்ப்யூட்டரை நிறுத்தினால், நம் கையில் உள்ள ஆட்டமும் நின்றுவிடும்!

பப்ஜி கதை

'பப்ஜி மொபைல்' விளையாட்டை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30-ந் தேதி சர்வரும் நின்றது. பிள்ளைகள் பணம் கட்டி வாங்கிய ஆட்டப் பொருட்களும் முடங்கின. 2021-ல் கிராப்டன் கம்பெனி அதை வேறு பெயரில் கொண்டு வந்தது. அப்போது, பழைய பொருட்களைப் புதிய ஆட்டத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது.

எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு 2014-ல் வந்தது. பிரான்சு நாட்டு யூபிசாப்ட் கம்பெனி 2024 மார்ச் 31-ந் தேதி அதை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஆட முடியவில்லை. விற்றது விளையாடும் அனுமதியை மட்டுமே என்பது கம்பெனியின் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தக்க காரணம் இல்லாமல், ஒருதலையாக முறித்துக்கொள்ள கம்பெனிக்கு இடம் தரும் ஒப்பந்தம் நியாயமற்றது. இப்படிச் சொல்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதை எதிர்த்து, சென்னையில் உள்ள மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

போனது சிறு தொகையா? முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாங்கும் முன்பே, "இன்டர்நெட் இல்லாமலும் இது ஓடுமா?" என்று பாருங்கள்.