மலைப்பாதையில் ஆட்டோ ஹோல்டு

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்பதி. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்நகரம், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்குகிறது. மலையடிவாரமான அலிபிரியையும் திருமலையையும் இரண்டு மலைச்சாலைகள் இணைக்கின்றன. 1944இல் திறக்கப்பட்ட முதற்சாலை இப்போது இறங்குவதற்கும், 1974இல் திறக்கப்பட்ட இரண்டாம் சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன.

கூட்டம் மிகுந்த நாள்களில் ஏறுசாலையில் வாகனங்கள் நின்று நின்றே நகரும். சரிவில் நிற்கும் காரின் ஓட்டுநர், பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள் கார் பின்னோக்கி உருளக்கூடும். பின்னால் நிற்கும் வாகனத்தில் அது மோதலாம். இவ்விடரைத் தவிர்க்க உதவுவதே 'ஆட்டோ ஹோல்டு' என்னும் வசதி.

செயல்படும் முறை

பிரேக்கை மிதிக்கும்போது குழாய்களில் உள்ள பிரேக் எண்ணெயில் அழுத்தம் உண்டாகிறது. அவ்வழுத்தம் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. காலை எடுத்தவுடன் அழுத்தம் குறைந்து, சக்கரங்கள் விடுபடுகின்றன.

ஆட்டோ ஹோல்டு பொத்தானை அழுத்தியிருந்தால், கார் முழுமையாக நின்றபின் காலை எடுத்தாலும் அந்த அழுத்தம் குறைவதில்லை. பிரேக் அமைப்பில் உள்ள சிறிய அடைப்பான்கள் மூடிக்கொண்டு எண்ணெயின் அழுத்தத்தைக் காக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அவை திறக்க, கார் முன்னேறுகிறது.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, கார் பிடித்து நிறுத்தப்பட்டுள்ளதை உணர்த்தும் விளக்கு எரிந்த பின்னரே ஓட்டுநர் காலை எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதாக எண்ணிக்கொண்டு காலை எடுப்பது ஆபத்தானது.

இரண்டாவதாக, ஆட்டோ ஹோல்டு கைபிரேக்குக்கு மாற்றன்று. ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்வரை மட்டுமே அது துணை செய்யும். சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ பல கார்களில் மின் கைபிரேக் தானாகவே விழும். எனினும் எல்லாக் கார்களும் ஒன்றுபோல் இயங்குவதில்லை. எனவே, இறங்கும்முன் கைபிரேக்கைப் போட்டு, தானியங்கிக் கியர் உள்ள காரில் கியரைப் 'பி' நிலையில் வைத்து, எஞ்சினை அணைப்பதே முறை.

மூன்றாவதாக, இவ்வசதி நின்ற காரைப் பிடிக்குமேயன்றி, ஓடும் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தாது. இறங்குசாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்குப் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். குறைந்த கியரில் எஞ்சினின் இழுவையால் வேகத்தைத் தணித்து, தேவையான இடத்தில் மட்டும் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஓட்டுநர்கள் விரையாதிருக்கவே, ஏறுவதற்கு 28 நிமிடங்களும் இறங்குவதற்கு 40 நிமிடங்களும் குறைந்த அளவு நேரமாக விதிக்கப்பட்டுள்ளன.

நான்காவதாக, நெருக்கமான இடத்தில் காரை மெல்ல நகர்த்தி நிறுத்தும்போது இவ்வசதியை அணைத்துவிடுவது நல்லது. பிடிப்பை விடுவிக்க ஆக்சிலரேட்டரைச் சற்று மிகுதியாக மிதித்தால், கார் சட்டென்று பாய்ந்துவிடும்.

சிறுவர்களின் பங்கு

பெரியவர் இல்லாத காரில் சிறுவர்கள் அமர்ந்திருத்தலும், பொத்தான்களைத் தொட்டு விளையாடுதலும் கூடாது. கார் நின்றதும், "கைபிரேக் போட்டாயிற்றா, அப்பா?" என்று ஒரு சிறுமி கேட்பது சிறு செயலே. ஆயினும், மறதியால் நேரக்கூடிய பெரும் விபத்தை அச்சொல் தடுக்கக்கூடும். கருவி காலுக்கு ஓய்வு தரலாம். கவனத்திற்கு ஓய்வு தருவதில்லை.

சொற்பொருள்

இடர் – துன்பம், ஆபத்து
அடைப்பான் – வழியைத் திறந்து மூடும் கருவி
தணித்தல் – குறைத்தல்

பயிற்சி

1. காலை எடுத்த பின்னும் கார் நகராமல் நிற்பது எவ்வாறு?
2. ஆட்டோ ஹோல்டு கைபிரேக்குக்கு மாற்றாகாது. ஏன்?
3. மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் என்ன நேரும்?