பித்தப்பைக் கல்: அறுவை சிகிச்சைத் தேதி வரும்வரை வலியை எப்படிச் சமாளிப்பது?

கிள்ளான் வட்டாரத்தைச் சேர்ந்த 44 வயது மாது ஒருவருக்கு முதல் வலி வந்தது தீபாவளிக்கு மறுநாள் இரவில். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி வலது விலாவுக்குப் பரவிய அந்த வலி, முதுகில் தோள்பட்டை எலும்புவரை போனது. வாந்தி எடுத்தும் அடங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் தானாகவே நின்றுவிட்டது. பண்டிகைப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பத்தார் நினைத்தனர்.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அவர் கேஸ்ட்ரிக் மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினார். தொழிற்சாலையில் இரவு வேலை, நேரம் தவறிய சாப்பாடு என்று காரணம் சொல்ல நிறையவே இருந்தது. கடைசியில் ஒரு கிளினிக்கில் வயிற்றை ஸ்கேன் செய்தபோதுதான் பித்தப்பையில் பல கற்கள் இருப்பது தெரிந்தது. அரசாங்க மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் கிடைத்த தேதியோ ஐந்து மாதம் தள்ளி இருந்தது.

கல் இருப்பது தெரியும், வலி எப்போது வரும் என்று தெரியாது, தேதியும் வெகு தூரத்தில் இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் இந்த நிலையில்தான் இருக்கிறார். அந்த இடைப்பட்ட காலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்போது தேதிக்குக் காத்திருக்கவே கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கல் எப்படி உருவாகிறது?

உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைக் கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சேமித்துக் கெட்டியாக்கி வைத்திருக்கும் சிறு பைதான் பித்தப்பை. கல்லீரலுக்கு அடியில், வலது விலா எலும்புகளுக்குக் கீழே அது இருக்கிறது. கொழுப்பான உணவு சிறுகுடலுக்கு வந்ததும் பை சுருங்கி, பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்குள் விடும்.

பித்தநீரில் கொலஸ்ட்ரால் அதிகமாகும்போதும் பை சரியாகக் காலியாகாதபோதும் படிகங்கள் சேர்ந்து கல்லாகின்றன. மணல் அளவிலும் இருக்கும், கோலிக்குண்டு அளவிலும் இருக்கும். தலசீமியா போல் இரத்தச் சிவப்பணுக்கள் விரைவாக அழியும் நோய் உள்ளவர்களுக்குக் கருநிறக் கற்கள் உருவாகலாம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்கள், பல முறை கருவுற்றவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், நீரிழிவு நோயாளிகள், குடும்பத்தில் யாருக்காவது கல் இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைப்பதும் கல்லுக்கு வழிவிடும். உடல் மெலிந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

கல் உள்ள எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமலேயே வாழ்ந்துவிடுகின்றனர். வலி வரத் தொடங்கிவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் மருத்துவர்கள் அப்போது பையையே அகற்றச் சொல்கின்றனர்.

கேஸ்ட்ரிக்கா, கல்லா, இதயமா?

பித்தப்பையின் வாயில் கல் சிக்கும்போது வலி வருகிறது. கொழுப்பான உணவு சாப்பிட்ட சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், அது தொடங்கும். சிறிது நேரத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரம் முதல் சில மணி நேரம்வரை விடாமல் இருக்கும். ஏப்பம் விட்டாலோ மலம் கழித்தாலோ குறையாது. படுத்தாலும் நடந்தாலும் நிம்மதி இருக்காது. கல் வழிவிட்டதும் வலி போய்விடும்.

அப்படிப் போய்விடுவதால்தான் பலர் அதைக் காற்றுப் பிடிப்பு என்றும் கேஸ்ட்ரிக் என்றும் எண்ணி விட்டுவிடுகின்றனர். இன்னொரு பக்கம், மாரடைப்பும் நெஞ்சுக்குழி வலியாகத் தோன்றலாம். மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை இருந்தால், 'எனக்குக் கல்தானே இருக்கிறது' என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

கல்லைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சிறந்தது. அதற்கு முன் சில மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். பை சுருங்காமல் இருந்தால்தான் கல் தெளிவாகத் தெரியும். கல்லீரல், கணையம் ஆகியவற்றின் நிலையை இரத்தப் பரிசோதனை காட்டும்.

ஸ்கேனில் கல் தெரிந்தாலும், வலி அதனால்தான் வருகிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரைப்பைப் புண், ஹெலிகோபேக்டர் கிருமித் தொற்று, குடல் எரிச்சல் நோய் ஆகியவையும் வலி தரும். சிலருக்கு உள்நோக்கிக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். காரணம் தெரியாத வலி என்று மருத்துவர் சொன்னால், வலியே பொய் என்று அவர் சொல்வதாகப் பொருள் அல்ல. தேடல் இன்னும் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேடலுக்கு நோயாளியும் உதவலாம். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வலி வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், வலித்த இடம், கடைசியாகச் சாப்பிட்டது, காய்ச்சல் அல்லது வாந்தி இருந்ததா, என்ன மருந்து எடுத்துக்கொண்டார் என்று எழுதி வைத்து, நிபுணரைப் பார்க்கும்போது காட்டலாம். அடிக்கடி வலிக்கிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரே மாதத்தில் நான்கு முறை வந்தது, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் நீடித்தது என்று சொல்வது மருத்துவருக்கு அதிகம் உதவும்.

காத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை

அரசாங்க மருத்துவமனைகளில் அவசர நோயாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் முதலிடம் தரப்படுகிறது. கல்லால் வலி வந்து போகும் நிலையில் உள்ளவர்கள் வரிசையில் பின்னால் நிற்க நேரிடுகிறது. ஆனால் அந்த வரிசை மாறக்கூடியதே. வலி அடிக்கடி வரத் தொடங்கினால் அடுத்த சந்திப்புவரை பொறுக்காமல் கிளினிக்குக்குப் போய் நிலைமை மாறியிருப்பதைச் சொல்லலாம். யாராவது தேதியை ரத்து செய்தால் அந்த இடத்துக்கு வரத் தயார் என்றும் கேட்டு வைக்கலாம். தொலைபேசி எண் மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவிக்க மறக்கக்கூடாது.

வேலையிடத்திலும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஸ்கேன் அறிக்கை, சந்திப்பு அட்டை, அவசரப் பிரிவுக்குப் போன கடிதம், மருத்துவ விடுப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்தக் கோப்பு பேசும்.

தட்டில் என்ன இருக்கலாம்?

உணவுக் கட்டுப்பாடு கல்லைக் கரைக்காது. ஆனால் பை வேகமாகச் சுருங்குவதைக் குறைத்து, வலி வரும் வாய்ப்பைத் தணிக்கலாம். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், நெய்யும் எண்ணெயும் ஊறிய ரொட்டி சானாய், பொரித்த கோழி, ஆட்டுக்கறிப் பிரட்டல், முறுக்கு, நெய் உருண்டை போன்றவற்றைத் தள்ளி வைக்கலாம். இட்லி, எண்ணெய் குறைத்த தோசை, சப்பாத்தி, ரசம், பருப்பு, காய்கறி, ஆவியில் வேகவைத்த மீன், தோல் நீக்கிய கோழி ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துப்போகின்றன. வயிறு நிறைய ஒரே வேளை உண்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை உண்பது நல்லது.

கொழுப்பை முழுவதுமாக நிறுத்திவிடுவதும் சரியல்ல. வலிக்குப் பயந்து சாப்பிடாமலேயே இருந்தால் பித்தநீர் தேங்கி நிலைமை மோசமாகலாம். தைப்பூசத்துக்கோ புரட்டாசி மாதத்துக்கோ ஒரு வேளை உணவோடு விரதம் இருப்பவர்கள், மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வலி மாத்திரையிலும் கவனம்

லேசான வலிக்குப் பாரசிட்டமோல் உதவலாம். கடுமையான வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் எழுதித் தருகின்றனர். ஆனால் இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டாம். வழக்கமான மருந்துக்கும் வலி அடங்கவில்லை என்றால் இன்னொரு மாத்திரையைத் தேடாமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

வாழைத்தண்டும் கீழாநெல்லியும்

நம் வீடுகளில் கல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாழைத்தண்டுச் சாறு. அது சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படும் கைவைத்தியம். சிறுநீரகக் கல் இருப்பது சிறுநீர் போகும் பாதையில். பித்தப்பைக்கும் அந்தப் பாதைக்கும் தொடர்பே இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பித்தப்பைக் கல் சிறுநீரில் வெளியேறாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தோடு வந்துவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் குறிப்பும் அப்படித்தான். குடித்த மறுநாள் பச்சை உருண்டைகள் வெளிவருவது உண்மைதான். அவை கற்கள் அல்ல. அப்படி வந்த உருண்டைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2005-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. குடித்த எண்ணெயே குடலில் சோப்பு போல் திரண்டு உருண்டையானது என அதில் தெரியவந்தது. அவ்வளவு எண்ணெயை ஒரே நேரத்தில் குடிப்பது கடும் வலியையும் வரவழைக்கலாம்.

கல்லைக் கரைக்கும் மாத்திரை இருக்கிறது. ஆனால் அது சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டுமே பயன்படும், பல மாதங்கள் எடுக்கும், நிறுத்தினால் கல் மீண்டும் வரலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது. கல் உள்ளவரின் கண் மஞ்சளானால், ஒரு கல் பையை விட்டு நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம். அங்கே கிருமித் தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

- ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வலி
- காய்ச்சல் அல்லது உடல் நடுக்கம்
- கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போவது, மலம் வெளிறிப்போவது
- முதுகுவரை துளைக்கும் கடும் வலியோடு நிற்காத வாந்தி. இது கணைய அழற்சியாக இருக்கலாம்
- மயக்கம், குழப்பமான பேச்சு

நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் தொற்று முற்றினாலும் வலி குறைவாகவே தெரியலாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. ஆகவே நம் சமூகத்தில், வலி பெரிதாக இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

அறுவை சிகிச்சையும் அதன் பிறகும்

பித்தப்பையை அகற்றும் முதல் அறுவை சிகிச்சை 1882-இல் பெர்லினில் நடந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறை 1985-இல் ஜெர்மனியில் தொடங்கியது. இன்று பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போதும். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகின்றனர். தொற்றோ ஒட்டுதலோ அதிகம் இருந்தால் வயிற்றைத் திறந்து செய்ய நேரிடலாம்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா என்று பலர் கேட்பதுண்டு. பை இருந்தால் கல் மீண்டும் உருவாகலாம். பை இல்லாவிட்டால் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில வாரம் வயிறு இளகலாம். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் வாயுவால் ஓரிரு நாள் தோளில் வலி இருப்பதும் இயல்பு. வலிக்கு வேறு காரணமும் இருந்தவர்களுக்கு, பையை எடுத்த பிறகும் அது தொடரலாம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகைபிடிப்பதை நிறுத்துவதும் அறுவை சிகிச்சைக்கான தயாரிப்பே. சர்க்கரை மிகுந்திருந்தால் தேதி தள்ளிப்போகலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, இன்சுலின், எடைக் குறைப்பு ஊசி, நாட்டு மருந்து என எதை எடுத்துக்கொண்டாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கிள்ளான் மாதுக்குத் தேதி வர இரண்டு மாதம் இருந்தபோது கண் மஞ்சளானது. பார்க்க வந்த உறவினர், "கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிம்மா, மூணு நாள்ல இறங்கிடும்" என்றார். மூத்த மகள் கேட்கவில்லை. "அத்தை, கோபிச்சுக்காதீங்க. டாக்டர் பார்த்த பிறகு பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அன்றிரவே தாயாரை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்.

பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தது. காய்ச்சலும் தொடங்கியிருந்தது. வாய்வழியாகக் குழாய் செலுத்திக் கல்லை எடுத்த மருத்துவர்கள், அறுவை சிகிச்சைத் தேதியையும் முன்னுக்குக் கொண்டுவந்தனர். அவர் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். வலி வந்த நாள்களைக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.