தீப்பொறி எங்கே நின்றது?

ஜூன் மாதம் பிறந்து ஸ்ரீவராகத்துக் கோயிற்குளம் நிறைந்து நின்ற ஒரு காலைப்பொழுது. முதியவர் ஒருவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொருட்டு, நம் இல்லத்துப் பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டியின் சாவியைத் திருப்பினோம். எஞ்சின் சுழன்றதேயன்றி உயிர் பெறவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றதில் பாட்டரியும் சோர்ந்தது. முதியவர் மழையில் ஆட்டோரிக்‌ஷா ஏறிச் சென்றார். அயலார் ஒருவர் சொற்கேட்டுப் பிளக்குகள் நான்கையும் புதிதாக மாற்றினோம்; பயனில்லை. சோதித்து அறியாமல் பொருளை மாற்றுவது வீண் செலவு என்பது அப்பொழுதே விளங்கிற்று.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று: காற்றோடு கலந்த எரிபொருள், அதனை நெருக்கும் அழுத்தம், தக்க தருணத்தில் ஒரு தீப்பொறி. பாட்டரி தருவதோ 12 வோல்ட்டே. பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் பிரியும் கணத்தில், காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அம்மின்சாரத்தை முறை தவறாது ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தளிக்கிறது. இவ்வேற்பாட்டைச் செம்மைப்படுத்தியவர், 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவருள் ஒருவரான சார்ல்ஸ் கெட்டரிங். நம் நாட்டில், 1961இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் வண்டிகளுக்கான மின்கருவிகளை உருவாக்கி வந்துள்ளது.

இனி, சோதனை முறை. பாட்டரிக்கு மின்னேற்றிக் கொண்டோம். கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்தோம். பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை என்பதையும் உறுதி செய்தோம். பொறியும் பெட்ரோல் ஆவியும் கூடினால் விபத்தே விளையும். பின்பு ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, முன்னர் மாற்றிய பழைய பிளக்கில் மாட்டினோம். அதன் உலோக உடல் எஞ்சினின் துருவற்ற பகுதியைத் தொடுமாறு, ரப்பர் பிடியுள்ள உலர்ந்த இடுக்கியாற் பற்றினோம். ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்க, மற்றவர் பிளக்கின் நுனியை நோக்குதல் வேண்டும். நீல நிறப் பொறி தெறித்தால் நலம். மஞ்சளாய் மங்கித் தோன்றினால் வலிமை குறைவு. நம் வண்டியில் எதுவுமே தோன்றவில்லை.

அடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வந்து சேரும் தடித்த கம்பியைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சினின் உலோகத்துக்கு 6 மில்லிமீட்டர் தொலைவில் இடுக்கியாற் பிடித்தோம். எஞ்சின் சுழலவே, பளீரெனப் பொறி பறந்தது. அங்கும் பொறி இல்லையெனின், காயில், பாயிண்ட், கண்டென்சர் ஆகியவற்றை ஆராய வேண்டியிருந்திருக்கும். இங்கோ காயில் வரை குறையில்லை. பிளக்கை எட்டுமுன் இடைவழியிலேயே மின்சாரம் நின்றிருந்தது.

சாவியை அணைத்து மூடியைத் திறந்தோம். உட்புறமெங்கும் ஈரம் பனித்திருந்தது. உயர் மின்சாரம் அவ்வீரத்தின் வழியே கசிந்து போயிற்று. உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தோம். வெடிப்போ கரிக்கோடோ இருந்தால் மூடியையே மாற்ற வேண்டும், இரண்டும் இல்லை. மூடியையும் கம்பிகளையும் பொருத்திச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முழங்கிற்று. நான்கு புதுப் பிளக்குகள் செய்யாததை ஒரு பழந்துணி செய்தது.

மும்பையிலோ கொல்கத்தாவிலோ பழைய பெட்ரோல் வண்டியைப் பேணும் அன்பர்களுக்கும் மழைக்காலத்தில் இவ்வரிசை உதவும். ஆயினும், இம்மின்சாரம் உடலில் கடுமையாய்த் தாக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் வருதலும் ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத இன்றைய வண்டிகளில் இம்முறையைக் கையாண்டால் மின்னணுக் கருவிகள் பழுதாகலாம். அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை.

பின்னர் இதனை இவ்வூர் மெக்கானிக் ஒருவரிடம் விளக்க முற்பட்டபோது, தகுந்த மலையாளச் சொல்லைத் தேடித் தயங்கினோம். அவரே சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்: தீப்பொரி. ஓரெழுத்தின் ஒலி மட்டுமே வேறு!